தொகுஜி விடுதியை விற்காத கதை

தொகுஜியின் விடுதியில் தங்குகிற யாத்ரீகர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சத்தம் போட்டுக்கொண்டே என் பஸ்ஸில் ஏறுவார்கள். மேலே மலைச் சன்னதி வாசலில் செருப்பைக் கழற்றி, தீட்டுப் போகக் காகிதப் பொம்மையை உடம்பில் தேய்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. யாரும் கேட்கவும் கூடாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இறங்கும்போது சிரிப்பு இருக்காது. ஒசாகாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் வழியெல்லாம் அழுதார். அவர் கணவர் மிட்டாய் உரித்து உரித்துக் கொடுத்தார். எதற்கு அழுகை என்று அவருக்கும் தெரியாது, அவரும் உள்ளே போனவர்தான்.

தொகுஜிக்கு முழங்கால் போய்விட்டது. கூரைப் பனியைத் தள்ள முடியவில்லை. செண்டாய் நகரத்தில் இருக்கும் மகள் வந்துவிடச் சொல்கிறாள். விடுதியை வாங்கவும் ஆள் வந்துவிட்டான். தொகுஜிக்கு விற்றுவிட்டுப் போக ஆசை. அவன் மனைவி ஹிசானோ மட்டும், "மலைக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

போனாள், வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளிகளின் மெத்தை உறைகளையெல்லாம் உருவித் துவைக்க ஆரம்பித்துவிட்டாள். தொகுஜி நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வந்தான்.

"டேய் செக்கி, அவ உன் பஸ்லதான வந்தா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு. நான் ரோட்டப் பாக்குறதா, உன் பொண்டாட்டியப் பாக்குறதா?"

"விக்கிற வீட்ல எவளாவது உறை துவைப்பாளா? அவளுக்குப் போக மனசில்லடா."

"அவகிட்டயே கேளேன்."

"மலையில முடிவு பண்ணதை எப்படிறா கேக்குறது?"

உள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்பதுதான் தப்பு, விற்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை என்றேன். அவன் தலையில் அது ஏறவில்லை. மலையில் எடுத்த முடிவைக் கிளறினால் அது மலையைக் கிளறுவதுதான் என்றான். எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கும் இதில் தெளிவில்லை.

மறுநாள் அவனே மேலே போனான். திரும்பும்போது என் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். வெறுங்காலோடு நடந்ததில் பாதமெல்லாம் சிவந்திருந்தது.

"செக்கி, எனக்கு ஒண்ணுமே புரியல."

"புரிஞ்சாலும் சொல்லாத."

சாயங்காலம் அவனை வாசலில் இறக்கிவிட்டு, சாப்பிட்டுப் போகலாம் என்று நானும் இறங்கினேன். கூடத்தில் வாங்க வந்த ஆள் உட்கார்ந்திருந்தான். ஹிசானோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொகுஜி வலியோடு மண்டியிட்டு, தலை பாயில் படக் குனிந்தான்.

"மன்னிக்கணும். விக்கல."

தேநீர் கோப்பையிலிருந்து வழிந்தது. அந்த ஆள் முகம் செத்துப்போய், பதிலுக்குக் குனிந்துவிட்டு எழுந்து போனான்.

"ஏங்க, மலையில உங்களுக்கு..." என்று ஆரம்பித்த ஹிசானோ சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீதான உறையெல்லாம் துவைச்ச?" என்றான் தொகுஜி.

"குடுக்கிற வீட்ட அழுக்காவா குடுப்பாங்க?"

"அப்ப நீ விக்கலாம்னா இருந்த?"

"நீங்க மலைக்குப் போய்ட்டு வந்து வேணாங்கறீங்க. இனி நான் என்னத்தச் சொல்ல?"

ஜன்னல் வழியே அந்த ஆளின் கார் பாலத்துப் பக்கம் திரும்புவது தெரிந்தது. என் பஸ்ஸின் ஹாரனை ஓர் அமுக்கு அமுக்கினால் நின்றுவிடுவான்.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

தொகுஜி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். மலை வேண்டாம் என்றதா, இவன்தான் வேண்டாம் என்றானா? அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கார் பாலத்தைத் தாண்டிவிட்டது.

"ராத்திரிக்கு எத்தன பேரு?" என்று கேட்டான்.

"ஏழு பேரு."

அவன் சமையற்கட்டுக்குப் போய், விருந்தாளிகளின் எள் தோஃபுவுக்கு எள் அரைக்க உட்கார்ந்தான்.

முதல் பனி போன வாரம் விழுந்தது. கூரையை யார் தள்ளுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.