விமானி கெஷ் அவர்களின் பேட்ஜ்கள்

லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர், அந்தக் காலத்து ஜெர்மன் கிளைடர் விமானிகளின் பேட்ஜ்களைச் சேர்க்கிறார். இன்று முருங்கைக்காய் வாங்கப் போன என்னிடம் மூன்றைக் காட்டினார்.

“மூண்டும் ஒரே பைலட்டின்ரை. பின்னால பேர் இருக்கு, கெஸ் கெஷ். ஒரிஜினல்!”

திருப்பிப் பார்த்தேன். பதினொரு வருடம் ஜெர்மனியில் இருந்தவனுக்கு அது தெரியாதா?

“அண்ணை, அது பேரில்லை. ‘சட்டப்படி பாதுகாக்கப்பட்டது’ எண்டதைச் சுருக்கி அடிச்சிருக்கு. அங்கை கண்ட சாமானிலையும் அடிப்பாங்கள்.”

“பாத்தீரே! சட்டமே பாதுகாத்த சாமான். பிறகென்ன சந்தேகம்?”

வீட்டுக்கு வந்து பார்த்தால், பிராங்பர்ட்டில் வாங்கிய என் போத்தல் திறப்பானிலும் அதே எழுத்து.

விமானி கெஷ் தரையிறங்கியதும் பியர் திறந்தது இந்தத் திறப்பானால்தான். விற்கத் தயார், யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்.