சைகோனிலிருந்து வந்த மரங்கள்

எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக முன்கட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொழுது சாய்கிற வரை எழுந்திருக்காது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வாசலில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடவேண்டும் என்று உயிரை வாங்குவாள். ஆடிவிட்டு வந்தால் கழுத்து முதுகெல்லாம் வேர்க்குரு. சித்திரை பிறந்தால் கட்டி. அவள் ஆடுகிற இடத்தில் ஒரு நிழல் மரம் வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

வீடு என்னுடையது. எங்கள் ஜனத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. வாப்பா என் கல்யாணத்துக்குக் கட்டி என் பெயருக்கே எழுதி வைத்தார்கள். மாப்பிள்ளை அதில் வந்து இருப்பவர். என் வீட்டுக்காரர் அப்படிக்கூட இருக்கவில்லை. சைகோனில் ஜவுளிக்கடை, நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கப்பல். இருந்தாலும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார்கள் உம்மா. கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்ட குரும்பகரத்துக் குத்தகைக்காரர் புங்கங்கன்று தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றே வருஷத்தில் பந்தல் போட்டதுபோல நிழல் விழும், காற்றுக்கும் சட்டென்று சாயாது என்றார். அதை எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது, அரபு எழுத்தில் தமிழ், இரண்டு பக்கம். புங்கையை வயற்காட்டில் வைப்பார்கள், வாசலுக்கு ஒரு லட்சணம் வேண்டாமா, இங்கே கடைத்தெரு முழுக்க மயில்கொன்றைதான், செக்கச்செவேல் என்று பூக்கும், அதை வை.

மயில்கொன்றைக்குக் கோட்டுச்சேரி வரை ஆள் அனுப்பினேன். கன்று வந்து சேர்ந்த வாரமே அடுத்த கடுதாசி. அதன் வேர் மேலாக ஓடி மதிலைப் பிளக்குமாம், கடைக் கூட்டாளி சொன்னாராம். ஆகவே வாதுமை வை. மயில்கொன்றையை எதிர்வீட்டு ஆடு தின்றது. வாதுமை வைத்தால் தெருப்பிள்ளைகள் கல்லெறிவார்களே என்று நான் எழுதியது கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் மகிழமரத்துக்கு மாறிவிட்டார். மகிழம் வளர்ந்து நிழல் தருவதற்குள் நான் பேரப்பிள்ளை எடுத்துவிடுவேன். இப்படி இரண்டு பேரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்க, நடுவில் ஐப்பசி மழை வந்து போய்விடும். மழை போனபின் அந்த வாசலில் கருவாடு காயவைக்கலாம், கன்று வைக்க முடியாது.

உம்மாவோ, பிடிக்காத மரத்தை வைத்து, வந்தவர் முகத்தைச் சுளித்தால் என்ன செய்வாய் என்பார்கள். குத்தகைக்காரர் வருஷா வருஷம் குறுவை நெல்லோடு ஒரு புங்கங்கன்றையும் வண்டியில் ஏற்றி வந்து, சம்மதம் சொல்லிக் கடுதாசி வந்துவிட்டதா என்று பணிவாகக் கேட்பார். இல்லை என்றதும் திரும்ப எடுத்துப்போவார். அந்தப் பணிவே எனக்கு எரிச்சலை மூட்டும். நாலு வருஷம் இப்படிப் போயிற்று.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் என் வீட்டுக்காரர் கடையைக் கைமாற்றிவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வந்த மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தாங்கவில்லை. சட்டை நனைந்து உள்ளே வந்தார்.

“என்ன புள்ள இது, இத்தனை வருசமா வாசல்ல ஒரு மரம் வைக்கத் தோணலியா உனக்கு?”

“உங்களைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றேன்.

“உன் வூட்டுல மரம் வைக்க என்னை எதுக்குக் கேட்டே? நீ கேட்டே, நான் பாட்டுக்கு எழுதுனேன்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த ஆத்திரம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த ஐப்பசியில் புங்கை வைத்தேன். குழி எங்கே என்று குத்தகைக்காரர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். நான் இடத்தைக் காட்டினேன். குத்தகைக்காரர் வாக்குப் பொய்க்கவில்லை, மூன்று வருஷத்தில் வாசல் முழுக்க நிழல். அதற்குள் மகளுக்குப் பதிமூன்று வயதாகி, இனி வாசற்படி தாண்டக்கூடாது என்று உம்மா அவளை உள்ளே வைத்துவிட்டார்கள். நானும் சரி என்றேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் எங்கள் மரத்தடியில் கோடு கிழித்துப் பாண்டி ஆடினார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“அங்க குளுகுளுன்னு இருக்கா உம்மா?” என்று என்னிடம் கேட்டாள்.