அந்தோனியார் பெட்டியில் விழுந்த ஆட்சேபணைகள்

லூர்தம்மாளுக்கு மாடி என்றால் உயிர். ஆனால் முப்பத்தாறு வயது வரைக்கும் அவள் ஏறிய மாடி ஒன்றே ஒன்றுதான். அது அந்தோனியார் கோயில் மணிக்கூண்டு. நாற்பத்தொரு படி. காலை ஆறு மணி, நடுப்பகல், மாலை ஆறு மணி என்று நாளுக்கு மூன்று தடவை ஏறி, மணி அடித்துவிட்டு இறங்குவாள்.

கல்யாணமாகிக் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவள் அவள். அங்கே புருஷன் வியாகுலம் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பியபோது, கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார். அந்த வேலையை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொம்பளை அடித்தால் மணி யாருக்குக் கேட்கும் என்று இரண்டொருவர் சிரித்தார்கள். மறுநாள் காலையில் எல்லாருக்கும் கேட்டது.

மேலேயிருந்து பார்த்தால் ஊர் வேறு ஊராக இருக்கும். ஓட்டு வீடுகள் வெயிலில் காயப்போட்ட வற்றல் மாதிரி கிடக்கும். தூரத்தில் சித்தேரி மலை, யாரோ ஊதிவிட்ட புகைபோல நிற்கும். நடுவில் அல்லிக்குட்டை. ஐப்பசி மழை பெய்து குட்டை நிறைந்துவிட்டால் வானம் அதற்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். மேகம் தண்ணீருக்கு அடியில் நடந்து போகும். மணியடித்து முடித்த பிறகும் லூர்தம்மாள் கயிற்றை விடாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள் என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். அவள் தூங்கவில்லை. மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தினமும் இப்படித்தான் தெரியுமோ என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

தர்மபுரி தனி ஜில்லாவாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு ஒவ்வொரு ஆபீசாக வந்தது. ஆபீசர்களுக்கு வீடுதான் இல்லை. அல்லிக்குட்டையைத் தூர்த்து, கீழே எட்டுக் கடை, மேலே எட்டு வீடு, முன்னால் பஸ் நிற்க இடம் என்று பஞ்சாயத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். சேலத்தில் வரைந்து வந்த படத்தை ஆபீஸ் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். நீலத் தாள், வெள்ளைக் கோடு. தண்டோராவும் போட்டார்கள். மின்சார இலாகா, சுகாதார இலாகா, பொதுப்பணி இலாகா எல்லாரையும் கருத்துக் கேட்டிருக்கிறது. பொதுமக்களும் முப்பது நாளைக்குள் ஆட்சேபணை எழுதி, ஆபீஸ் தாழ்வாரத்தில் இருக்கும் பெட்டியில் போடலாம். பிறகு சேலத்திலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பார்.

லூர்தம்மாள் அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். மாடிக்குப் போகும் படிகளை எண்ணினாள். ஜன்னல்களை எண்ணினாள். பிறகு குட்டையைத் தேடினாள். தாள் முழுக்க நீலமாக இருந்தது. குட்டை மட்டும் இல்லை. குட்டைக்கரையில் இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு சின்ன வட்டமாக இருந்தது. அதை ஒட்டி ஒரு சதுரம்.

"இது என்னங்க?" என்று கேட்டாள்.

"மாடி வூடுங்களுக்குக் கக்கூசுக் குழி" என்றார் கிளார்க் குப்புராஜ்.

அந்தக் கிணற்றில்தான் கோயில் தெருவும் மேலத்தெருவும் தண்ணீர் சேந்தின. லூர்தம்மாள் நேராகக் கிருஷ்ணப்பனிடம் போனாள். பத்திர ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து முப்பது வருஷமாக மனு எழுதிக்கொடுப்பவர் அவர். ஊதா மைதான் வைத்திருப்பார். தாளை எடுத்ததும் இடது பக்கம் நாலில் ஒரு பங்கை மடித்து, நகத்தால் நீவி, அந்த ஓரத்தை விட்டுத்தான் எழுதுவார். அந்த மாதம் ஊரே அவரிடம் வரிசையில் நின்றது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் எழுதுகிறவர், இப்போது நாலு வரிக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வேலை அதிகம், பாவம் என்று லூர்தம்மாள் நினைத்தாள்.

"சொல்லு லூர்தம்மா. குட்டையத் தூர்க்கக் கூடாது, அதானே?"

"மாடி வூடு வேண்டாம்னு எழுதிடாதீங்க ரைட்டரண்ணா. அது வரணும். குட்டைக்கு வடக்கால வரணும்."

"ஏன் வடக்கால?"

"அப்பத்தான் அது தண்ணியில தெரியும். ஒண்ணு கட்டினா ரெண்டு கெடைக்கும். கிணத்துக்கும் ஒண்ணும் ஆவாது."

கிருஷ்ணப்பன் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "மேல ஏறி ஏறி உனக்கு மேகம் புடிச்சுக்கிச்சு" என்றார். ஆனாலும் அவள் சொன்னபடியே எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள்.

அதை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால், பெட்டிக்கு நேர் எதிரே தலைவர் காளியப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காவலுக்கு ஒன்றும் இல்லை. ஆபீசில் காற்றாடி அந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் காளியப்பன் ஊரில் எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து, சாவுக்குக் கடைசி ஆளாகப் போகிறவர். "வாம்மா, காப்பி சாப்பிடறியா?" என்று கேட்கிற மனுஷன் கண்ணெதிரே, அவர் கட்டப்போகும் கட்டடத்துக்கு எதிராக எப்படிக் காகிதம் போடுவது? சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவள் மாதிரி லூர்தம்மாள் திரும்பிவிட்டாள்.

கோயிலுக்கு வந்தாள். அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு மரப்பெட்டி உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் எந்தச் சாதி சனமும் வந்து, கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதி அதில் போடும். அதை யாரும் படிப்பதில்லை. ஒன்பது செவ்வாய் முடிந்ததும் தூபக் கரியில் போட்டு எரிப்பார்கள். புகை மேலே போனால் மனு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று லூர்தம்மாள் தன் காகிதத்தை அதில் போட்டாள். மனசு லேசாகிவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. உச்சி மணி அடித்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள். குப்புராஜ் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"நாளையோட முடியுது லூர்தம்மா. இலாகா காயிதம் மூணும் வந்துடுச்சு. பொதுமக்கள் ஆட்சேபணை ஏதுமில்லைன்னு எழுதி வச்சுட்டேன்."

"ஏதுமில்லையா? ஊரே எழுதிச்சே!"

"எழுதினா எங்க? பொட்டிக்குள்ள ஒரு பல்லிதான் இருக்குது."

சேந்திய தண்ணீர் குடத்துக்கு வெளியே கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்த மாதம் ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம் இருந்ததும், மண்டி வைத்திருக்கும் மாதையன்கூட வந்து நின்றதும் இப்போது ஞாபகம் வந்தது. காளியப்பன் எதிரே கூச்சப்பட்டுத் திரும்பியவள் அவள் ஒருத்தி இல்லை. எல்லாருமே அவளைப் போலவே செய்திருக்கிறார்கள். அது ஒன்பதாவது செவ்வாய். சாயங்காலம் பெட்டியை எரிக்கிற நாள். அந்தப் புகையோடு கிணறும் போய்விடும், குட்டையும் போய்விடும்.

பங்குச் சாமியார் சவுரியப்பன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, பொட்டியத் தொறக்கணுங்க" என்று அவள் மூச்சிரைக்கச் சொன்னாள். விஷயத்தையும் சொன்னாள்.

சாமியார் ஈரக் கையோடு நின்றார். "அதுல மத்த சனங்க கண்ணீரும் இருக்குதும்மா. எவ்வளவோ சொல்லியிருப்பாங்க. யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் நம்பிப் போடறாங்க. நான் தொட மாட்டேன்."

"நீங்க தொடாதீங்க சாமி. நான் தொடறேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே."

சாமியார் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோயிலில் ஆளில்லை. பெட்டியை மடியில் கவிழ்த்ததும் வெள்ளைக் காகிதமும் கோடு போட்ட காகிதமும் காலண்டர் தாளுமாகச் சரிந்தன. சிலதைப் பீடி அளவுக்குச் சுருட்டி நூல் கட்டியிருந்தார்கள். ஒன்றில் குழந்தை முடி ஒட்டியிருந்தது. அவள் எதையும் பிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். இடது ஓரத்தில் நகத்தால் நீவிய மடிப்பு இருந்தால் ஒரு பக்கம் வைத்தாள். மற்றவை மறுபடி பெட்டிக்குப் போயின. யாரோ தூக்கத்தில் முனகுகிற மாதிரி காகிதங்கள் சலசலத்தன. எடுத்து எண்ணியபோது முப்பத்தொன்று இருந்தது.

முந்தானையில் கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். காற்றாடிக்குக் கீழே காளியப்பன் இருந்தார்.

"என்ன லூர்தம்மா, இத்தனை காயிதம்?"

"கோயில்லருந்துங்க."

"அந்தோனியாரே ஆட்சேபணை பண்றாரா?"

"அவருக்கு வந்ததை உங்களுக்கு அனுப்பி வச்சிருக்காருங்க. இது அவரு இலாகா இல்லையாம்."

காளியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுல என் மச்சான் எழுதினது இருக்குதா?" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள் லூர்தம்மாள். முப்பத்தொன்றையும் அவர் எதிரிலேயே ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. சேலத்து அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். முதலில் இலாகாக்களின் கடிதங்களைப் படித்தார். மின்சார இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு கம்பத்தை மட்டும் நகர்த்த வேண்டும். குட்டையை மூடினால் கொசு ஒழியும் என்று சுகாதார இலாகா சந்தோஷப்பட்டது. ஆனால் குடிக்கிற கிணற்றை ஒட்டிக் கழிவுக் குழி கூடாது என்றது. கிழக்குக் காட்டு மழைத்தண்ணீர் இத்தனை வருஷமாகக் குட்டைக்குத்தான் வருகிறது, இனி அது எங்கே போகும் என்று பொதுப்பணி இலாகா கேட்டது.

பிறகு ஊர்க்காரர்கள் எழுதியவை. தங்கள் காகிதம் படிக்கப்படும்போது ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதினொன்றாவது லூர்தம்மாளுடையது. "குட்டைக்கு வடபுறம் கட்டினால் கட்டடம் தண்ணீரில் தெரியும். ஒன்று கட்டினால் இரண்டு கிடைக்கும்." கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. நீலப் படத்தை எடுத்து விரித்தார்.

"வடக்கே என்ன இருக்கு?"

"பொறம்போக்குங்க. வேலமுள்ளு" என்றார் குப்புராஜ்.

"குட்டையத் தூர்க்கறதுக்கு முள்ளு வெட்டறது லேசுங்க" என்று பின்னாலிருந்து மாதையன் சொன்னார். அதிகாரி பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். லூர்தம்மாளுக்குத் தான் தரையில் இல்லாத மாதிரி இருந்தது.

கடைசிக் காகிதம் முப்பத்தொன்று. அதிகாரி அதே வேகத்தில் படித்துக்கொண்டு போனார். "எட்டு மாசமா வலது கை நடுங்குது. பேனா நிக்க மாட்டேங்குது. ஊருக்குத் தெரியறதுக்குள்ள நீ இதை நிறுத்திக் குடு." அவர் படிப்பதை நிறுத்தினார். "இது எந்தக் கட்டடத்தைப் பத்தி?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தாளில் ஊதா மை. பள்ளிக்கூடமே புளியமரத்தடி மனிதரைத் திரும்பிப் பார்த்தது.

கிருஷ்ணப்பன் எழுந்தார். "அது உங்களுக்கு எழுதினது இல்லீங்க. எடம் மாறி வந்துடுச்சு. திருப்பிக் குடுத்துடுங்க."

அதிகாரி எழுந்து வந்து, தாளை அதே மடிப்பில் மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்று மாலை மணி அடித்தபோது லூர்தம்மாள் குட்டையைப் பார்க்கவில்லை. இறங்கிப் புளியமரத்தடிக்குப் போனாள்.

"மடிப்பைத் தடவித்தான் எடுத்தேனுங்க ரைட்டரண்ணா. உங்களுது சாமிக்குன்னு தெரியலீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷமா இந்தக் கை ஒரே மடிப்பு மடிக்குது. சாமிக்கு எழுதினாலும் ஓரம் விட்டுத்தான் எழுதுது." அவர் தன் கையைப் பார்த்தார். காற்றில்லாத நேரத்து இலைபோல அது தானாக அசைந்தது. "இன்னிக்கு ரெண்டு பேரு வந்தாங்க. மூஞ்சியப் பார்க்காமப் போயிட்டாங்க."

"நான் தாளப் புடிச்சுக்கட்டுங்களா?" என்றாள்.

"புடிச்சா?"

"தாளு அசையாதுங்களே. கை மட்டுந்தானே அசையும்."

மறுநாள் உச்சி மணி அடித்த கையோடு அவள் வந்து உட்கார்ந்து, தாளின் இரண்டு ஓரத்தையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். எழுத்துக்கள் கொஞ்சம் கோணலாக வந்தன, ஆனால் படிக்க முடிந்தது. போனவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். கடைசி வரைக்கும் அவளுக்கு எழுத்து வரவில்லை. மடிப்பு மட்டும் வந்தது. பிறகு அவளே மடித்து, நகத்தால் நீவிக் கொடுப்பாள்.

சேலத்திலிருந்து உத்தரவு வர இரண்டு வருஷம் ஆயிற்று. முள்வெட்டிக் கட்டி முடிக்க இன்னும் இரண்டு. குட்டைக்கு வடக்கே, கீழே எட்டுக் கடையும் மேலே எட்டு வீடுமாகக் கட்டடம் எழுந்தது. ஆபீசர்கள் குடிவந்தார்கள். புளியமரத்தடியிலிருந்து கிருஷ்ணப்பன் கீழ்க்கடை வராந்தாவுக்கு மாறினார். லூர்தம்மாளுக்கு மாடியில் வீடு கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. மாலை மணிக்கு மேலே ஏறியவள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மாடி ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. தண்ணீருக்குள்ளும் எட்டு ஜன்னல் இருந்தது, தலைகீழாக, மெல்ல அசைந்துகொண்டு. இடமிருந்து இரண்டாவதை அவள் எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு அல்லி இலை திரைச்சீலை மாதிரி மறைத்திருந்தது. மலையைப் பார்த்த ஜன்னல்.

இறங்கி வந்தபோது வராந்தாவிலிருந்து கிருஷ்ணப்பன் கூப்பிட்டார். "லூர்தம்மா, இன்னிக்கு மணி அஞ்சு நிமிஷம் லேட்டு."

"வூட்டப் பூட்டிட்டு வர நேரமாயிடுச்சுங்க ரைட்டரண்ணா."

எந்த வீடு என்று ஊரில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். அந்த மனுவை எழுதியவர் அவர். குட்டைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நடுங்கும் கையால் பேனாவை மூடினார்.