அழைப்புப் பாடம்

பேருந்து நிலையத்தில் ஏறினால் ஆங்கிலம், பல்கலைக்கழக வாசலில் இறங்கினால் தமிழ். இதுதான் எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம். போட்டவள் என் தோழிதான், நானில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்ததில்லை.

நான் திண்டுக்கல் டவுன்காரி. என் அப்பா, அத்தாவுக்குப் பிரியாணிக் கடை. அவளுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அப்பா மல்லிகை போட்டிருந்தார். காலையில் ஒரு பஸ் பிடித்து டவுனுக்கு வருவாள், அங்கிருந்து இருவரும் மதுரை ரோட்டு பஸ்ஸில் போவோம். அவள் தலையில் பூ மணக்கும், என் துப்பட்டாவில் பட்டையும் கிராம்பும் மணக்கும். பி.காம். படித்தோம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. கணக்கெல்லாம் எங்களை ஒன்றும் செய்யவில்லை, ஆங்கில வகுப்பில் மட்டும் கடைசி பெஞ்சைத் தேடுவோம். மேடம் அதற்காக எங்களைத் திட்டவில்லை. "ஜோடி சேந்து தினம் பேசுங்க. தப்பாப் பேசினாப் பரவால்ல, பேசாம மட்டும் இருக்காதீங்க" என்றார். வீட்டில் படிப்பை நிறுத்தப் பார்த்தால் நேரில் போய் அப்பாமாரிடம் பேசுகிறவர் அவர். அவரால் டிகிரி முடித்த சீனியர்கள் இருந்தார்கள்.

ஒப்பந்தம் போட்டதும் எங்கள் நட்பு இளைத்துப் போனது. அதற்கு முன்னால் பஸ்ஸில் வாய் ஓயாது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்த அத்தை எதற்கு முறுக்கிக்கொண்டு போனாள், எல்லாம் பேசுவோம். ஆங்கிலத்தில் அதற்கெல்லாம் எங்களிடம் சரக்கு இல்லை. இட்லி சாப்பிட்டேன், மழை வரும்போல இருக்கிறது, பஸ்ஸில் கூட்டம், அவ்வளவுதான் எங்கள் உலகம். ஒருநாள் நான் உட்கார வேண்டிய இடத்தில் அவள் பையை வைத்திருந்தாள். சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். சண்டைக்கு வார்த்தை கிடைக்காமல் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தேன். இன்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் பேசாமல் விட்டதெல்லாம் எவ்வளவு என்று இன்னும் எண்ணி முடியவில்லை.

கடைசி வருஷத்தில் வாய்மொழித் தேர்வு வந்தது. ஜோடியாகப் பேச வேண்டும். எங்களுக்கு விழுந்தது அழைப்புப் பாடம். ஒருத்தி வீட்டுக்குக் கூப்பிடுவாள். மற்றவள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, நாள் கேட்டு, என்ன விசேஷமென்று கேட்டு, வாழ்த்துச் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் ஒருத்தியை ஒருத்தி அழைத்துத் தீர்த்தோம். அவள் என்னைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள், நான் அவளை இல்லாத அக்காவின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த சின்னாளப்பட்டி அம்மா ஒருத்தி, பர்த்டே, மேரேஜ் என்ற வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, எம்புட்டு விசேசம்தான் ஒங்க வீட்ல" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ப்ளீஸ் கம் டு மை ஹவுஸ்" என்றாள்.

"வித் பிளஷர்" என்றேன்.

மேடத்தையும் கூட்டிக்கொண்டு வா என்றாள், ஆங்கிலத்திலேயே. பாடத்தில் மேடம் கிடையாது. சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என்றைக்கு வரட்டும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்றாள். "எனி ஃபங்ஷன்?" என்றேன், பாடத்தில் அடுத்த கேள்வி அதுதான். செத்த நேரம் என்னையே பார்த்துவிட்டு, "யெஸ்" என்றாள். நான் கையை நீட்டி "கங்கிராஜுலேஷன்ஸ்" சொன்னேன். அவள் கை சில்லென்று இருந்தது, ஜன்னல் காற்று என்று நினைத்தேன். புத்தகத்தைப் பார்க்காமல் முழுப் பாடத்தையும் முடித்த குஷியில் இறங்கினேன். வாசலில் மற்ற பிள்ளைகள் நின்றிருந்தார்கள், கூட்டமாக வகுப்புக்குப் போனோம்.

மறுநாள் அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அவளுக்கென்று போன் கிடையாது, அவள் அண்ணன் நம்பருக்கு அடித்தால் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தேர்வில் எனக்கு ஜோடியாக மேடமே உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் ரெட்டியார்சத்திரம் பஸ் ஏறினேன்.

"வாத்தா, உக்காரு, காப்பி போடுறேன்" என்று அவள் அம்மா உள்ளே போனார். அவள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றியிருந்தார்கள். தாய்மாமன் மகன்தான் மாப்பிள்ளை, அடுத்த மாதம் கல்யாணம், இனி படிப்பு கிடையாது. தட்டு மாற்றினால் அது கொடுத்த வாக்கு. அதற்கப்புறம் யார் வந்து பேசினாலும் அவள் அப்பாவால் பின்வாங்க முடியாது.

"அதுக்கு முன்னாடி மேடம் வந்து, பரீட்ச முடியட்டும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அப்பா கேட்டுருப்பாரு. வாத்தியாருன்னா அவருக்கு அம்புட்டு மரியாதை. அதான் ஒன்ட்ட சொன்னேன்" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேலா என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. "தமிழ்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி" என்றேன்.

"தமிழ்ல சொன்னா பஸ்ஸுல அத்தன பேரு முன்னாடி அழுதுருவேன். இங்கிலீசுல எனக்கு அழுக வராதுல்ல" என்றாள். காப்பி வந்தது. அவள் அம்மா முன்னால் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கே வந்திருப்பேனேம்மா. அந்தப் பொண்ணு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா மேடம்" என்றேன். "என்கிட்ட சொன்னா. தப்பே இல்லாமச் சொன்னா."