துணி அறையில் தங்கச்சி

எல்லோரும் அவளை ரெக்கார்டு என்றுதான் கூப்பிடுவார்கள். டயாலிசிஸ் நிலையத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். உடம்பில் சேர்ந்த தண்ணீரை எடுத்த பிறகு நோயாளி இருக்க வேண்டிய எடை, ரத்த அழுத்தம், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவாள். நர்ஸ்கள் படுக்கையருகே உள்ள திரையில் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலை அந்தக் கணினி எழுந்திருக்கவில்லை. திரைகள் வெறுமையாக நின்றன. படுக்கைகளோ நிறைந்திருந்தன, யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. நர்ஸ்கள் நோயாளிகளிடமே கேட்டு வேலையை ஆரம்பித்தார்கள். தையற்காரர் ஒருவர், தான் இருக்க வேண்டிய எடையை உத்தேசமாகச் சொன்னார். அது அவர் மெலிந்திருந்த காலத்து எடை. எடுக்க வேண்டியதற்கு மேல் தண்ணீர் போய், பாதியில் அவர் கண் செருகியது. காலைத் தூக்கிப் பிடித்து, உப்புநீர் ஏற்றி, மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

"ஒரு பேன்ட்டுக்கே ரெண்டு தடவை அளவெடுப்பேன். நீங்க என் வாயை நம்பிட்டீங்களே," என்றார் அவர், கண் விழித்ததும்.

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். அவருடைய சரியான எடையைத் தட்டியவள் அவள்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தட்டுகிறவளுக்கு எண்கள் விரலோடு போய்விடும்.

பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. திறந்தால், உள்ளே எப்போதோ எடுத்த பழைய நகல். முறை வைத்து எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். எடுத்தது உள்ளே போனதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. வெளியிலிருந்து ஆள் வந்து கணினியைப் பிழைக்க வைக்க மாலை ஆகிவிட்டது.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று யாரிடமும் அவள் சொல்லவில்லை. படிக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். சாப்பாட்டு மேசையில் அவருடைய ஸ்க்ரூ டிரைவர்களை ஒதுக்கிவிட்டுப் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்காருவாள்.

"என்னதான் பண்றே?" என்றார் அவர்.

"ஒரு கம்ப்யூட்டர்ல எழுதுறதை, எழுத எழுத இன்னொண்ணும் எழுதிக்கும். முதல்ல உள்ளது படுத்தா ரெண்டாவது எழுந்து வேலையைப் பாக்கும்."

"வீட்டுக்கும் அப்படி ஒருத்தியைப் போட்டு வையேன்."

"உங்களுக்குத்தான் ஒருத்தரைப் போடணும். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தாப் போதும்."

பில் பிரிவு கழித்துப்போட்ட ஒரு கணினியைக் கேட்டு வாங்கினாள். அதைப் பழைய கணினியின் பக்கத்தில் வைக்கவில்லை. ஒரே குழாய் ஒழுகி இரண்டும் நனையக் கூடாது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் துணி அறையில் வைத்தாள். பிறகு கணினிக்குக் கட்டளை சொல்லும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எழுதினாள். நகலைத் தொடங்க ஒன்று. நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்க ஒன்று. எழுதும் பொறுப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்க ஒன்று. நகலை முழுக்க அழித்துவிட்டு, இன்னொன்றைப் பார்த்து முதலிலிருந்து எழுத ஒன்று. ஒவ்வொன்றும் ஒரே வார்த்தையைத் தட்டினால் ஓடும். எழுதுகிற கணினிக்கு அக்கா என்றும் பார்த்து எழுதுகிற கணினிக்குத் தங்கச்சி என்றும் பெயர் வைத்து, பெட்டிகளின் மேல் ஒட்டியும் வைத்தாள். துணி அறையில் உட்கார்ந்து தங்கச்சியை அழிப்பதும் மறுபடி நிரப்புவதுமாகக் கை பழகும் வரை ஒத்திகை பார்த்தாள்.

பிறகு பெரிய டாக்டரிடம் போனாள்.

"ஆஸ்பத்திரி நடக்கிற நேரத்துல அக்காவோட பிளக்கைப் பிடுங்கிப் பாக்கணும் சார்."

"ஓடுறதை ஏம்மா நிறுத்தணும்?"

"தங்கச்சி தாங்குவாளான்னு தெரியணும்."

"தாங்கலன்னா?"

"அதுவும் இப்பவே தெரியணும் சார். பென் டிரைவும் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சோம்."

அவர் முடியாது என்றார். அவள் மறுபடி போனாள். அவர் ரவுண்ட்ஸ் போனால் பின்னால் போனாள். காரில் ஏறும்போது கதவருகே நின்றாள். கடைசியில் அவர், "யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, மறுநாள் நீ வர வேண்டாம்," என்றார்.

"சரி சார்."

எல்லா நோயாளிகளின் அளவுகளையும் அச்செடுத்துப் படுக்கைகளில் செருகினாள். பிறகு போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். தாழ்வாரத்தில் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"பிடுங்கிட்டேன் சார்."

தலைமை நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். திரைகள் அணைந்தன. அவள் துணி அறைக்கு நடந்தாள். ஓடினால் மற்றவர்கள் பயப்படுவார்கள். பொறுப்பை மாற்றும் ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினாள். தையற்காரரின் திரையில் அவருடைய எடை திரும்ப வந்தது. அச்சில் இருந்த அதே எண். நர்ஸ்கள் எழுத ஆரம்பித்தார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்குத் திரும்பினார்.

அக்காவின் பிளக்கை மறுபடி செருகியாயிற்று. இனி அக்கா பின்தங்கியவள். அவளை அழித்து, தங்கச்சியைப் பார்த்து எழுத வைக்க வேண்டும். ரெக்கார்டு துணி அறையில் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழிக்க வழக்கமாகத் தட்டும் வார்த்தையைத் தட்டினாள். 'இதில் உள்ளது எல்லாம் அழியும். சரியா?' என்று கேட்டது. ஒத்திகையில் அது எத்தனையோ முறை கேட்ட கேள்வி. விரல் பொத்தானுக்குப் போனது.

விரிப்பு எடுக்க வந்த தலைமை நர்ஸ் வாசலில் நின்றார். "ரெக்கார்டு, இப்ப நாங்க எழுதுறதெல்லாம் எங்க போய் விழுது?"

"தங்கச்சிலதான் சிஸ்டர்."

சொன்ன பிறகுதான் அவள் தன் முன்னால் இருந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள்: தங்கச்சி. விரலை எடுத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"இதை அழிக்க இருந்தேன் சிஸ்டர். பிளக்கைப் பிடுங்கினதுக்கப்புறம் நீங்க எழுதினது அத்தனையும் போயிருக்கும். எல்லாத் திரையும் செத்திருக்கும்."

"அழிக்கலையே?"

"நீங்க கேட்காட்டி அழிச்சிருப்பேன்."

தலைமை நர்ஸ் விரிப்புகளை ஸ்டூல் ஓரத்தில் வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாதே."

அவள் அன்றே பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப இதெல்லாம் வேண்டாம்னு விட்டுடலாமா?"

"வேணும் சார். தப்பு பேர் வச்சதுல. தங்கச்சின்னா அழிக்கலாம்னு கை பழகிடுச்சு. அக்கா எப்பவும் அக்காதான். அந்தப் பேர் மாறாது. இங்க பொறுப்பு மாறுது. இனிமே அழிக்கிற ஸ்கிரிப்ட் மனுஷங்ககிட்ட கேட்காது சார். அந்தப் பெட்டியில யாராவது எழுதிட்டிருக்காங்களான்னு அதுவே பாக்கும். எழுதிட்டிருந்தா, நான் தலைகீழா நின்னாலும் அழிக்காது. அதை எழுதிட்டு மறுபடி பிடுங்கணும்."

"மறுபடியுமா?"

"மாசா மாசம் சார்."

அவர் வெளியே போகச் சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டாள். ஒட்டிய பெயர்களை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஸ்கிரிப்டைத் திருத்தினாள். பழைய பெட்டியில் அதை ஓட்டியதும், அங்கே இருந்தது அழிந்து, துணி அறைப் பெட்டியைப் பார்த்து எழுத ஆரம்பித்தது. பொறுப்பில் உள்ள பெட்டியிலேயே உட்கார்ந்து, வேண்டுமென்றே அழிக்கச் சொன்னாள். மறுத்தது. மறுபடி சொன்னாள். மறுத்தது.

அடுத்த மாதம் துணி அறையில் பிளக்கைப் பிடுங்கியது தலைமை நர்ஸ். ரெக்கார்டு ஒருத்திக்கு மட்டும் தெரிந்த வேலை, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் படுத்துவிடும். அதனால் வாசல் பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போவதில்லை என்பது அவளே போட்ட விதி. பக்கத்தில் தையற்காரர், முறைக்குக் காத்திருந்தார்.

"என்ன ரெக்கார்டு, வேலை நேரத்துல சும்மா உக்காந்திருக்கே?"

"இதுதான் வேலை அண்ணா."

"நல்ல வேலை. எனக்கும் சொல்லிக்கொடு."

உள்ளே திரைகள் அணைந்தது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. தலைமை நர்ஸ் துணி அறையிலிருந்து பழைய பெட்டியின் பக்கம் நடந்து போனார். ஓடவில்லை. அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை நீட்டித் தையற்காரரைப் பார்த்தார்.

"உங்க எடை எவ்வளவு?"

"என்னைக் கேட்காதீங்கம்மா," என்றார் அவர். "திரையில பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். ஐம்பத்தெட்டு. சும்மா கேட்டேன், வாங்க."