ஆடியில் எடுத்த படம்

திருவையாறு பக்கம், காவிரிக் கரையில் எங்கள் வீடு. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளைச் சரிசெய்து, ‘விருந்தினர் விடுதி’ என்று இணையத்தில் போட்டதும் நான்தான். ஆடி மாதம் ஆறு நிரம்பி ஓடியபோது எடுத்த படத்தை வைத்து, ‘படியிறங்கினால் ஆற்றுக் குளியல்’ என்று எழுதியிருந்தேன்.

முதல் புக்கிங் மே மாதத்தில் வந்தது. சென்னைக் குடும்பம். நீச்சல் உடையோடு படித்துறைக்கு ஓடிய இரண்டு பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆறு முழுக்க மணல். நடுவில் நாலு ஆடுகள் போய்க்கொண்டிருந்தன.

“தம்பி, ஆறு எங்க?” என்றார் அவர்களுடைய அப்பா.

“மேட்டூர் அணை திறக்கணும் சார்...” என்று இழுத்தேன்.

அவர் பெட்டியைக் காருக்குத் தூக்கினார். முதல் விருந்தாளியே திட்டி எழுதினால் விடுதி அவ்வளவுதான்.

என் அம்மா மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கினார். “எங்க வீட்டுப் படிச்ச புள்ளைக்குப் படம் எடுக்கத்தான் தெரியும். நீங்க வாங்க கண்ணுங்களா, ஆறு அடியில ஒளிஞ்சிருக்கு!”

அம்மாவும் நானும் மாறி மாறி இடுப்பளவு தோண்டியதும் தண்ணீர் ஊறியது. பிள்ளைகள் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு போட்ட கும்மாளத்தில், அவர்கள் அப்பாவும் பெட்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். இரண்டு நாளுக்கு வந்தவர்கள் மூன்று நாள் தங்கினார்கள்.

இப்போது ஆடிப் படத்துக்குப் பக்கத்திலேயே சித்திரைப் படத்தையும் போட்டிருக்கிறேன். கோடையில் புக் செய்கிறவர்களுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்: “ஆத்துல தண்ணி இருக்காது சார். மண்வெட்டி இருக்கு.”