சிறகு விரித்த படகு

அப்போது நான் பெங்களூரில் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவன். நான் சிரித்து எவரும் கண்டதில்லை. சிறுவயதில் நான் வரிவரியாக நேசித்த மாயாஜால நாவலொன்று படமாக வந்தது. "கெடுத்துத்தான் வைத்திருப்பார்கள்" என்று சொல்லிக்கொண்டே, மனைவியுடன் கன்டோன்மென்ட் தியேட்டருக்குச் சென்றேன்.

திரையில், நாவலில் வரும் அந்த மாயப் படகு ஏரியிலிருந்து சிறகு விரித்து எழுந்தது. நான் மனத்தில் கண்ட அதே படகு! என்னையறியாமல் எழுந்து நின்று கைதட்டினேன்.

"ஏன்ரீ, உக்காருங்க! மறைக்குது!" என்று கன்னடம் கலந்து அதட்டியது பின்வரிசைக் குரல். திரும்பினால், என் மாணவர்கள்!

"ஐயய்யோ, நம்ம சாரு! நில்லுங்க சார், பரவால்ல!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் படகு இன்னும் உயர்ந்துகொண்டிருக்கையில் உட்கார மனம் ஒப்பவில்லை. நின்றே பார்த்தேன்.

நான் விசிலடித்ததாக மறுநாள் கல்லூரியெங்கும் பேச்சு. அது தவறு. விசிலடித்தவள் என் மனைவி.